மறுமொழி: தானியங்கி நீர்மூழ்கியா, தன்னாட்சி நீரடி ஊர்தியா?

அனைவருக்கும் வணக்கம்.

ஆள் ஏறாமல், மேலிருந்து யாரும் ஓட்டாமல், நீருக்கடியில் தானே வழி பார்த்துப் போகும் ரோபோவுக்கு (ஆங்கிலத்தில் AUV) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் பேச்சு. அதற்கு இந்தக் குழுவில் ஈப்போ ஐயா சொன்ன 'தானியங்கி நீர்மூழ்கி', கிள்ளான் அண்ணன் சொன்ன 'தன்னாட்சி நீரடி ஊர்தி' இரண்டிலுமே எனக்கு மனம் ஒப்பவில்லை.

துணி துவைக்கும் இயந்திரமும் தானியங்கிதான். 2014 ஏப்ரலில், காணாமல் போன எம்எச்370 விமானத்தைத் தேட இந்தியப் பெருங்கடலில் இறக்கிய புளூஃபின்-21 என்ற நீரடி ரோபோ நினைவிருக்கும். முதல் முறை இறங்கியபோதே 4,500 மீட்டர் என்ற தன் ஆழ வரம்பைத் தாண்டியதால் பாதியில் மேலே வந்துவிட்டது. வரம்பு மீறினால் ஏறிவிடு என்று முன்பே எழுதிவைத்த விதி அது. அந்தச் செயலைத் தானியங்கி எனலாம், தப்பில்லை.

பல்கலைக்கழகங்கள் இப்போது ஆராய்வது அதற்கும் ஒரு படி மேலே. இங்கே பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில், செம்பனைக்கு நடுவே இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்திலும் நீரடி ரோபோ ஆய்வு உண்டு. கடலுக்குள் ஜிபிஎஸ் எட்டாது. சாதாரண ரேடியோ அலை சில மீட்டருக்குள் அடங்கிவிடும். ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். ஆனால் அதில் வீடியோ அனுப்பி, மேலே இருப்பவரிடம் யோசனை கேட்டுக்கொண்டிருக்க முடியாது. வேகம், திசை இரண்டையும் வைத்து எங்கே இருக்கிறோம் என்று கலமே கணக்குப் போட வேண்டும். நேரம் ஆக ஆகக் கணக்கில் பிசகு கூடும். மேலே வந்து ஜிபிஎஸ் பார்த்துத் திருத்திக்கொள்ளும். ஒலியின் எதிரொலியை வைத்துப் பிடிக்கும் சோனார் படத்தில் தெரிவது பாறையா வேறு பொருளா, சுற்றிப் போவதா நின்று பார்ப்பதா என்று செயற்கை நுண்ணறிவு அங்கேயே தீர்மானிக்க வேண்டும். தோட்டத்தில் மண்டோர் (மேற்பார்வையாளர்) பின்னால் நிற்காமலே தன் மரவரிசையை முடித்து வரும் ஆள் மாதிரி.

ஆகவே என் பரிந்துரை: தன்வழி நீரடிக்கலம். சுருக்கமாகத் தன்வழிக்கலம்.

'தன்னாட்சி' கல்லூரிக்கும் மாநிலத்துக்கும் இருக்கட்டும். 'நீர்மூழ்கி' என்றால் ஆள் உள்ளே இருக்கும் கப்பல்தான் கண்ணில் நிற்கிறது. 'கடலடி' வேண்டாம், அணையிலும் பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலும் இறக்கலாமே. வானூர்தி இருக்கிறதே, ஊர்தி ஆகாதா என்பீர்கள். நீரில் போவதற்குக் கலம் என்ற சொல் கையில் இருக்கும்போது எதற்கு?

கேபிள் கட்டி மேலிருந்து ஓட்டுவதற்கு 'வடவழிக்கலம்' என்றால் இணையாக நிற்கும்.

---

மறுமொழி:

அக்கா, 'தன்வழி' நன்று. கொஞ்சம் அடங்காத தொனி இருக்கிறது, பழகினால் போய்விடும். 'வடவழி'தான் இடிக்கிறது, வடக்கே போகும் கப்பல் என்று நினைப்பார்கள். 'கம்பிவழி' என்று போடுங்கள்.