பங்குச் சந்தை நஷ்டத்துக்குக் காரணம் மனக்கட்டுப்பாடு இல்லாததா, கணக்கு ஒத்துவராததா?

ஈரோட்டு வியாபாரி:
பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (பங்கு அல்லது குறியீட்டின் வருங்கால விலையை வைத்துப் போடும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்களில்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். தொகை 1.8 லட்சம் கோடிக்கு மேல். உடனே 'இது சூதாட்டம்' என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொடர்ந்து இரண்டு வருடம் பணத்தை விட்டவர்களில் முக்கால்வாசிக்கும் மேல் மறுபடி வந்திருக்கிறார்கள் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. இது மனசு சம்பந்தப்பட்டது இல்லாமல் வேறென்ன? விலை இதற்குக் கீழே போனால் விற்றுவிடு என்று வைக்கும் ஸ்டாப் லாஸை 80-ல் போடுவார்கள். விலை 82-க்கு வந்ததும் அதை 70-க்கு இறக்குவார்கள். காலையில் விட்டதை மதியத்துக்குள் பிடிக்க லாட்டை (ஆப்ஷனை வாங்கி விற்கும் கட்டின் எண்ணிக்கையை) இரட்டிப்பாக்குவார்கள். 'இரண்டு நஷ்டம் வந்தால் அன்றைக்கு சிஸ்டத்தை மூடு' என்ற ஒரு விதியைப் பிடித்துக்கொண்டாலே பெரிய அடி விழாது.

கணக்கன்:
அண்ணா, விதியெல்லாம் சரி. 50,000 ரூபாய் வைத்திருப்பவரால் அதைக் கடைப்பிடிக்க முடியுமா? ஒரு டிரேடில் 1 சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது என்பீர்கள். அதாவது 500 ரூபாய். 2024 நவம்பரில் நிஃப்டி குறியீட்டு ஆப்ஷனின் ஒரு லாட் 25 யூனிட்டிலிருந்து 75 ஆனது. 25 இருந்தபோது அந்த 500-க்கு 20 புள்ளி (யூனிட்டுக்கு 20 ரூபாய்) இடம் கிடைத்தது. 75 ஆனதும் ஆறரைச் சொச்சம் புள்ளிதான் கிடைத்தது. ஆப்ஷன் பிரீமியம் (ஆப்ஷனின் விலை) அவ்வளவு ஆட ஒரு நிமிடம் போதும். விதியை மீறாதவர்தான் முதலில் வெளியே தள்ளப்படுவார்! ஒவ்வொரு முறையும் செலவு வேறு. வாங்க, விற்க என்று ஆர்டருக்கு 20 ரூபாய் புரோக்கரேஜ், ஜிஎஸ்டி, எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி எல்லாம் சேர்த்தால் 100 ரூபாய் பிரீமியத்தில் ஒரு லாட்டுக்கு முக்கால் புள்ளிக்கு மேல் போய்விடும். மனசைக் குறை சொல்வதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

நெல்லைப் பையன்:
இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 செப்டம்பருக்குப் பிறகு என்எஸ்இ (தேசியப் பங்குச் சந்தை) ஆப்ஷனில் எஸ்எல்-எம் ஆர்டர் (ஸ்டாப் லாஸைத் தொட்டதும் கிடைத்த விலைக்கு விற்பது) கிடையாது, சொன்ன விலைக்குக் கீழே விற்காத லிமிட்தான். டிரிகர் (ஆர்டர் கிளம்பும் விலை) 80, லிமிட் 79 என்று போட்டிருப்போம். விலை நேராக 70-க்குக் குதித்தால் ஆர்டர் நிறைவேறாமல் நிற்கும். 2024 ஜூன் 4-ல், தேர்தல் முடிவு அன்று, நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தது. அப்படிப்பட்ட நாளில் ஸ்டாப் லாஸ் போட்டிருக்கிறோம் என்று நிம்மதியாக உட்கார முடியாது.

ஈரோட்டு வியாபாரி:
அப்படியானால் 50,000-ஐ வைத்துக்கொண்டு ஆப்ஷன் பக்கம் போகாதீர்கள். போகாமல் இருப்பதும் கட்டுப்பாடுதான். பங்கையே நேரடியாக வாங்கும் கேஷ் மார்க்கெட்டில் பத்துப் பங்கு வாங்கிப் பழகலாம், அங்கே லாட் கிடையாது.

கணக்கன்:
அங்கேயும் 2022-23-ல் இன்ட்ராடே (அன்றைக்கே வாங்கி விற்பது) செய்தவர்களில் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம் என்று செபியே சொல்லியிருக்கிறது. வருடத்துக்கு 500 டிரேடுக்கு மேல் செய்தவர்களில் அது 80 சதவீதம். பழகப் பழகக் கை தேறும் என்றால் இந்த எண் குறைந்திருக்க வேண்டும் இல்லையா? செலவு போக லாபம் தராத முறையை எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் பணம் கொஞ்சம் மெதுவாகக் கரையும், அவ்வளவுதான்.

ஈரோட்டு வியாபாரி:
தம்பி, ஒரு முறை லாபம் தருமா தராதா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? நூறு டிரேடையும் ஒரே விதிப்படி செய்து நோட்டில் எழுதினால்தானே தெரியும்? பத்தாவது டிரேடிலேயே ஸ்டாப் லாஸை நகர்த்தியவரின் நோட்டில் என்ன கணக்குப் போட முடியும்?

கணக்கன்:
எழுதட்டும், ஆனால் காசு போடாமல், பேப்பர் டிரேடில். நூறும் முடிந்து செலவு போக மிச்சம் இருந்தால் அப்புறம் மனக்கட்டுப்பாடு பற்றிப் பேசலாம்.

ஈரோட்டு வியாபாரி:
பேப்பரில் கை நடுங்காது. அந்த நூறு எனக்குச் செல்லாது. ஒரே ஒரு பங்காக இருந்தாலும் சொந்தக் காசு போட்டுச் செய்யச் சொல்லுங்கள்.