புனிதப் பள்ளத்தாக்கு: அம்மாவோடு ஒரே நாளில் முடியுமா?

வணக்கம் நண்பர்களே. ஜூனில் அம்மாவுடன் பெரு போகிறோம். குஸ்கோ நகரிலிருந்து வழிகாட்டியோடு ஒரே நாளில், ஸ்பானியர் வருமுன் அங்கே ஆண்ட இன்காக்களின் புனிதப் பள்ளத்தாக்கைச் சுற்றி வந்தவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள்.

பெரும்பாலான குழுக்கள் பிசாக், ஒயாந்தாய்தம்போ, சின்செரோ என்ற மூன்று ஊர்களின் இன்கா இடிபாடுகளையும் காட்டி, நடுவில் உருபம்பா ஊரில் மதியச் சாப்பாடு தருகின்றன. சிலர் மோராய் வட்ட வயல்களையும் மாராஸ் உப்புப் பாத்திகளையும்கூடச் சேர்க்கிறார்கள். ஒரே நாளுக்கு அது அதிகம் என்றுதான் தோன்றுகிறது. என் மனம் ஒயாந்தாய்தம்போவில்தான் இருக்கிறது. 1536-37 வாக்கில் இன்கா மன்னர் மான்கோ ஸ்பானியப் படையைத் திருப்பி விரட்டிய இடம் அது. ஆற்றுக்கு அக்கரை மலையில் வெட்டி, இழுத்து வந்து ஏற்றிய ஆறு பெரும் கற்கள் இன்றும் உச்சியில் வரிசையாக நிற்கின்றன. அங்கே அவசரப்படுத்தாத குழு எது?

அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. பிசாக்கில் வண்டி மேல் வாசல் வரை போகுமாமே, அதற்குப் பிறகு படிகள் எப்படி? ஒயாந்தாய்தம்போவில் ஏறாமல் கீழேயே இருந்தாலும் பார்க்க நிறைய உண்டா?

அப்புறம், மாச்சு பிச்சு ரயிலுக்காக நாங்கள் ஒயாந்தாய்தம்போவிலேயே தங்க நினைக்கிறோம். குழு சின்செரோவுக்குக் கிளம்பும்போது பெட்டிகளோடு இறங்கிக்கொள்ள விடுவார்களா? இல்லை, தனி டாக்சியே மேலா? குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரம், பள்ளத்தாக்கு அதைவிடத் தாழ்வு. அதனால் உயரத்தால் வரும் உடல்நலக் கோளாறைத் தவிர்க்க, குஸ்கோ விமான நிலையத்திலிருந்து நேராகப் பள்ளத்தாக்குக்கே போய்விடுவது அம்மாவுக்கு நல்லதா என்றும் சொல்லுங்கள்.