கோடை மழைக்குப் பிறகு கிளம்பும் பூச்சிக் கூட்டம்: எதை விட்டுடலாம், எதைப் பிடிக்கணும்? (பாலக்கோடு பக்கம்)

கேள்வி – மேட்டுக்காடு_பாலக்கோடு

வணக்கம்ங்க. பாலக்கோட்டுக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவுல 3 ஏக்கர் மாந்தோப்பு. பெரும்பாலும் தோத்தாபுரி, ஓரத்துல 20 மரம் செந்தூரா. ஒட்டினாப்புல 2 ஏக்கர் மானாவாரிச் செம்மண், அதுல ஆடிப் பட்டத்துக்குக் கடலை போடுவோம். பங்குனி கடைசியில இடி மின்னலோட முதல் நல்ல மழை பெஞ்சுது. அதுல இருந்து பூச்சி தாங்கலை.

மழை விட்ட சாயங்காலம் வரப்புல இருந்து ஈசல் புகை மாதிரி கிளம்புது. இருட்டினதும் வேப்ப மரத்துலயும் முருங்கையிலயும் சுண்டைக்காய் அளவு பழுப்பு வண்டு மொய்க்குது, காலையில பாத்தா இலை சல்லடையா இருக்கு, வண்டு ஒண்ணைக் காணோம். தோப்புக்குள்ள நடந்தா ஆப்பு மாதிரி சின்னப் பூச்சி பட்பட்டுனு முகத்துல அடிக்குது; இலையும் பிஞ்சும் பிசுபிசுன்னு இருக்கு, சில மரத்துல கரி பூசின மாதிரி ஆயிடுச்சு. இது போதாதுன்னு ட்யூப்லைட் கிட்ட வர்ற ஏதோ பூச்சியால பிள்ளைக்குக் கழுத்துல கோடு கோடாக் கொப்புளம்.

எல்லாத்துக்கும் சேத்து ஒரே மருந்து அடிச்சா போதும்னு மருந்துக் கடையில சொல்றாங்க. வேப்ப மரத்துக்கும் அடிக்கச் சொல்றாங்க. செய்யலாமா?

பதில் 1 – தென்பெண்ணைக்கரை

வேண்டாம்ங்க. நீங்க சொன்ன நாலும் நாலு வேற பூச்சி. ஒரே மழைக்கு வெளியே வந்ததால ஒரே கூட்டம் மாதிரி தெரியுது. மருந்தால தீர்றது இதுல ஒண்ணே ஒண்ணுதான், அதுக்கும் நேரம் பாத்துத்தான் அடிக்கணும்.

நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி மேட்டு நிலத்துல பங்குனி, சித்திரையில பகல் முழுக்கத் தரை காயும். அந்தச் சூடு மேல எழும்பி, வர்ற ஈரக் காத்தோட சேந்து மதியத்துக்கு மேல இடி மழையா இறங்கும். மாங்கா மழைன்னு சொல்றது இதைத்தான். மண்ணுக்குள்ள மாசக்கணக்கா அடங்கிக் கிடக்கிற பூச்சிக்கு அரை அடி ஆழம் நனையுற மழைதான் வெளியே வர்ற அழைப்பு. வெறும் தூத்தலுக்கு அது அசையாது. நனைஞ்ச மண், காத்து அசையாத புழுக்கமான சாயங்காலம், ரெண்டும் சேந்த அன்னிக்குத்தான் கூட்டம் கிளம்பும்.

ஈசல்னா இறக்கை முளைச்ச கரையான்தான். ஜோடி தேடிப் பறக்குது. பறக்கிற ஈசல் பயிரையும் கடிக்காது, மரத்தையும் அரிக்காது. அரை மணி, ஒரு மணி நேரத்துல இறக்கையை உதிர்த்துட்டுத் தரையில ஊர்ந்து போயிடும். பெரும்பங்கு பல்லி, தவளை, கோழி, காக்கை வாயில போகும். மழை விட்ட அந்த ஒரு மணி நேரம் வெளி விளக்கை அணைச்சாலே வீட்டுக்குள்ள வராது. அணைக்க முடியலைன்னா விளக்குக்கு நேர் கீழே அகலமான அன்னக்கூடையில தண்ணி வைங்க. பிடிச்சு வறுத்துப் பொரியோட கலந்து சாப்பிடுற வீடுகள் நம்ம பக்கம் இன்னமும் இருக்கு. அதுக்குப் பிடிக்கிறதா இருந்தா அன்னிக்கு அந்த இடத்துல எந்த மருந்து வாசனையும் இருக்கக் கூடாது.

ஒண்ணு மட்டும் கவனிங்க. ஈசல் வரப்புல இருந்தோ புத்துல இருந்தோ வந்தா பயமில்லை. வீட்டுக்கு உள்ளே, கதவு நிலைச் சந்துல இருந்தோ சுவர் விரிசல்ல இருந்தோ வந்தா அங்க கரையான் குடி இருக்குன்னு அர்த்தம். நிலையை விரலால தட்டிப் பாருங்க. உள்ளே காலியா இருக்கிற மாதிரி சத்தம் வந்தா மரவேலை தெரிஞ்சவரை உடனே கூப்பிடுங்க. இறக்கை முளைச்ச எறும்பும் இதே நாள்ல பறக்கும். ஈசலுக்கு நாலு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு ஒடுங்காது. எறும்புக்கு முன் இறக்கை நீளம், இடுப்பு நூல் மாதிரி.

பதில் 2 – கடலைக்கொல்லை

அந்தப் பழுப்பு வண்டைப் பத்தி நான் சொல்றேன். உங்க 2 ஏக்கர் கடலைக்கு இதுதான் எமன்.

வேப்பிலையைத் தின்னுறதால வேம்புக்கு ஒண்ணும் ஆகாது, பத்து இருபது நாள்ல தளிர்த்துடும். அந்த வண்டோட பிள்ளைதான் வேர்ப்புழு, வெள்ளைப்புழுன்னும் சொல்வாங்க. முதல் மழைக்கு வெளியே வந்த வண்டு, பொழுது சாய்ஞ்சு அரை மணி நேரத்துல மரம் ஏறும். அங்கேயே தின்னு, அங்கேயே இணை சேந்து, விடியறதுக்கு முன்னாடி மண்ணுக்குள்ள இறங்கிடும். அதனாலதான் காலையில உங்க கண்ணுக்குத் தெரியலை. பெண் வண்டு ஈர மண்ணுல ஒவ்வொண்ணா முட்டை விடும், ஏறக்குறைய பத்து நாள்ல பொரியும். வருசத்துக்கு ஒரே தலைமுறை. ஆடியில நீங்க விதைக்கிற கடலை ஆவணி, புரட்டாசியில வேர் பிடிச்சு நிக்கும்போது புழு முழுசா வளர்ந்து, வெள்ளையா, அரை வட்டமா வளைஞ்சு, ஆணிவேரைக் கடிச்சுட்டு இருக்கும். செடி திட்டுத் திட்டா வாடும், இழுத்தா வேரில்லாம கையோட வரும். தண்ணி பத்தலைன்னு நினைச்சு ஏமாந்துடுவாங்க. அந்த நேரத்துல எதை ஊத்தினாலும் புழு இருக்கிற ஆழத்துக்குப் போய்ச் சேராது.

அதனால புழுவை விட்டுட்டு வண்டைப் பிடிக்கணும், அதுவும் இப்பவே. முதல் நல்ல மழைக்கு அப்புறம் வர்ற மூணு நாலு ராத்திரிதான் அதிகம் கிளம்பும். சாயங்காலம் ஏழரைல இருந்து ஒன்பது மணிக்குள்ள மரத்தடியில தார்ப்பாய் விரிச்சுத் தொரட்டியால கிளையை உலுக்குங்க. தின்னுக்கிட்டும் இணைஞ்சுக்கிட்டும் இருக்கிற வண்டு பறக்காம பொலபொலன்னு கொட்டும். ஒரு வாளியில பாதி தண்ணி, அதுல ரெண்டு மூடி மண்ணெண்ணெய். கொட்டினதை அள்ளி அதுல போட்டுடுங்க. தரையில மிதிச்சா செம்மண்ணுல புதைஞ்சு தப்பிச்சுடும்.

நீங்க மட்டும் பிடிச்சாப் பாதி வேலைதான். பக்கத்துக் காட்டு வேம்புல இருக்கிற வண்டு உங்க நிலத்துல வந்து முட்டை விடும். வரப்பு ஒட்டின நாலஞ்சு காட்டுக்காரங்க ஒரே ராத்திரி இறங்கணும்.

வேப்ப மரத்துக்கு மருந்து அடிக்கச் சொன்னாங்கன்னு எழுதியிருந்தீங்க. அதைச் செய்யவே செய்யாதீங்க. பங்குனி, சித்திரையில வேம்பு பூத்து நிக்குது, தேனீ முழுக்க அதுலதான். வீட்டு வாசல்ல நிக்கிற முருங்கைக்கு அடிச்சா மறுநாள் அந்தக் கீரையைப் பறிச்சுக் குழம்பு வைக்கிறது யாரு?

விளக்குப் பொறியும் உதவும். குண்டு பல்பு, கீழே மண்ணெண்ணெய்த் தண்ணித் தொட்டி, ஏக்கருக்கு ஒண்ணு. ராத்திரி ஒன்பதரைக்கு மேல எரியவிடாதீங்க. அதுக்கப்புறம் நன்மை செய்யுற பூச்சியும் நிறைய வந்து விழும்.

கூடவே கோடை உழவு. மழை பெஞ்ச ஈரத்துல, காலை நேரத்துல, முக்கால் அடி ஆழம் போற மாதிரி சட்டிக் கலப்பை (வட்டத் தட்டு வெச்ச டிராக்டர் கலப்பை) போடுங்க. டிராக்டர் பின்னாலயே கொக்கும் மைனாவும் வந்து மேல வந்ததையெல்லாம் பொறுக்கிடும். மத்தியான வெயில்ல உழுதா பறவை வராது. நிலத்துக்குக் குப்பை அடிக்கிறதா இருந்தா நல்லா மக்கினது மட்டும். பச்சைச் சாணக் குப்பை வண்டைக் கூப்பிட்டு முட்டை விடச் சொல்ற மாதிரி ஆயிடும்.

மேட்டுக்காடு_பாலக்கோடு

ரொம்ப நன்றிங்க அண்ணா. வேர்ப்புழுவைக் கொல்றதுக்கு மெட்டாரைசியம்னு ஒரு பூஞ்சாணம் சொல்றாங்களே, அதை எப்போ போடணும்? மாமரத்துக்கும் யாராவது சொல்லுங்க, பிஞ்சு இப்போ எலுமிச்சை அளவுல இருக்கு.

பதில் 3 – கடலைக்கொல்லை

விதைப்புக்கு முந்தின கடைசி உழவுல போடலாம். ஏக்கருக்கு 2 கிலோ தூள், 100 கிலோ மக்கின தொழு உரத்தோட கலந்து, தண்ணி தெளிச்சு, ஈரச் சாக்கு போட்டு மூடி நிழல்ல ஒரு வாரம் வைங்க. அப்புறம் சாயங்காலம் தூவி உடனே மண்ணுல கலந்துடணும். இது உயிருள்ள பூஞ்சாணம். வெயில் பட்டா செத்துடும், காஞ்ச மண்ணுலயும் வேலை செய்யாது. பூஞ்சாண மருந்தோட சேத்துக் கலந்தா போட்ட காசு வீண். வாங்கும்போது பாக்கெட்ல காலாவதித் தேதி பாருங்க. கடை அலமாரியில வெயில் படுற இடத்துல இருந்ததை வாங்காதீங்க.

பதில் 4 – செந்தூராத்தோப்பு

முகத்துல அடிக்கிறது தத்துப்பூச்சி. பூங்கொத்துக் காம்புலயும் தளிர்லயும் முட்டை வெச்சு, குஞ்சும் தாயும் சாறு உறிஞ்சுது. உறிஞ்சதுல மிஞ்சின சர்க்கரைத் தண்ணிதான் அந்தப் பிசுபிசுப்பு. அது மேல வளர்றது கரும்பூசணம். கரி இலைக்குள்ள போகாது, மேலோட்டமாப் படியும். ஆனா இலைக்கு வெயில் படாம மறைக்கும், காய்த்தோல்ல படிஞ்சா மண்டியில விலை போகாது.

அடிக்க வேண்டிய நேரம் உங்களுக்குத் தாண்டிப் போச்சு, அதை முதல்ல சொல்லிடுறேன். தை, மாசியில பூங்கொத்து தலை காட்டும்போது ஒரு தெளிப்பு, ரெண்டு வாரம் கழிச்சு இன்னொண்ணு. இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். லிட்டருக்கு 0.3 மில்லி, அல்லது புப்ரோபெசின் 25 எஸ்.சி. லிட்டருக்கு 1 முதல் 2 மில்லி (17.8, 25ங்கிறது மருந்தோட சதவீதம்; எஸ்.எல்., எஸ்.சி.ங்கிறது திரவ வகை). ரெண்டு தடவையும் ஒரே மருந்து கூடாது. பூவுல வெள்ளைப் பொடி மாதிரி படர்ற சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் போடலாம். பெரிய மரத்துக்குப் பத்து லிட்டர் இல்லாம நனையாது. முதுகு டேங்கை வெச்சுக்கிட்டு வெளி இலையை மட்டும் நனைக்கிறதாலதான் பல பேருக்கு மருந்து கேக்கலை. பூச்சி அடிமரப் பட்டை வெடிப்புலயும் உள் கிளையிலயும் ஒளியும். ராக்கர் ஸ்பிரேயர் (நெம்புகோலை ஆட்டி அழுத்தம் ஏத்துற, நீளக் குழாய் வெச்ச தெளிப்பான்) வெச்சு அடிமரத்துல இருந்து மேல ஏறணும். பூ முழுக்க விரிஞ்ச நாள்ல மட்டும் எதையும் அடிக்காதீங்க. மாம்பூவுல மகரந்தம் சேக்கிறது ஈயும் தேனீயும்தான், அதைக் கொன்னா பிஞ்சே பிடிக்காது.

இப்போ என்ன செய்யலாம்? இமிடாகுளோபிரிட் அடிச்சா அறுவடைக்கு 45 நாள் இடைவெளி வேணும். செந்தூரா வைகாசி பிறக்கும்போது கைக்கு வந்துடும், அதனால அந்த 20 மரத்துக்கு இனி அடிக்கவே கூடாது. தோத்தாபுரிக்கு நாள் இருக்கு. ஆனா அது கூழ் ஃபேக்டரிக்குப் போற காய், மருந்து மிச்சம் பாத்தாங்கன்னா லோடு திரும்பும். என் கருத்து, ரெண்டுக்கும் வேப்பங்கொட்டைக் கரைசலே போதும். 5 கிலோ வேப்பம்பருப்பை இடிச்சு 10 லிட்டர் தண்ணியில ராத்திரி ஊற வெச்சு, காலையில துணியில வடிகட்டி, 100 லிட்டராக்கி, 200 கிராம் காதி சோப்பைக் கரைச்சு சாயங்காலம் அடிங்க. சோப்பு இல்லாம அடிச்சா மா இலையில முத்து முத்தா உருண்டு கீழே விழுந்துடும்.

கரிக்கு மைதாக் கஞ்சி. 1 கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணியில கட்டி தட்டாமக் காய்ச்சி, ஆறினதும் 20 லிட்டராக்கி, வடிகட்டி அடிங்க. வெயில்ல காஞ்சு அப்பளம் மாதிரி உரியும்போது கரியும் சேந்து உதிரும். மேகம் போட்ட நாள்ல அடிச்சா காயாது, கஞ்சியே பூஞ்சைக்குத் தீனியாயிடும். இப்போ மதியத்துக்கு மேல மழை வருது, அதனால காலை எட்டு மணிக்குள்ள, வானம் தெளிஞ்ச நாள் பாத்து அடிங்க. வடிகட்டாம ஊத்தினா நாசில் அடைச்சுக்கும்.

நிரந்தரத் தீர்வு கவாத்துதான், அதாவது வேண்டாத கிளையை வெட்டி எடுக்கிறது. தோப்புக்குள்ள நின்னு மேல பாத்தா வானம் தெரியலைன்னா அது தத்துப்பூச்சிக்குக் கட்டிக் கொடுத்த வீடு. நிழலும் ஈரமும்தான் அதுக்கு வேணும். அறுவடை முடிஞ்சதும் உள்ளே குறுக்க ஓடுற கிளை, காஞ்ச குச்சி எல்லாம் எடுத்துடுங்க. வெட்டின இடத்துல போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவணும்.

பதில் 5 – அரூர்_விளக்கு

பிள்ளை கழுத்துல கொப்புளம்னு எழுதியிருக்கீங்களே, அதை யாரும் தொடலை. எறும்பு மாதிரி ஒல்லியா, அரை அங்குலத்துக்கும் குறைவா, ஆரஞ்சும் கறுப்பும் பட்டை பட்டையா ஒரு வண்டு வரும். மழைக்கு அப்புறம் விளக்குக்கு நிறைய வரும். அது கடிக்கிறதில்லை, கொட்டுறதும் இல்லை. மேல ஊரும்போது தட்டி நசுக்கினா உடம்புக்குள்ள இருக்கிற நஞ்சு தோல்ல படும். அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் கழிச்சுத்தான் நசுக்கி இழுத்த வழியிலேயே கோடா சிவந்து, எரிஞ்சு, கொப்புளம் கட்டும். அதனாலதான் அக்கின்னு நினைச்சு வேப்பிலை அரைச்சுப் பூசி நாளைக் கடத்துறாங்க.

மேல உக்காந்தா ஊதித் தள்ளுங்க, இல்ல ஒரு காகிதத்துல ஏத்தி விடுங்க. நசுங்கிட்டா உடனே சோப்புப் போட்டு ரெண்டு தடவை கழுவணும். அந்தக் கையால கண்ணைத் தொடக் கூடாது. கொப்புளத்தை உடைக்காதீங்க. கண் ஓரம் வந்தாலோ சீழ் வெச்சாலோ டாக்டர்கிட்ட காட்டுங்க. இந்தச் சீசன் முடியுற வரைக்கும் பாயையும் தலையணையையும் உதறிட்டுப் படுக்க வைங்க, கட்டில் விளக்குக்கு நேர் கீழே வேண்டாம். வெள்ளை ட்யூப்லைட்டை மாத்தி மஞ்சள் எல்.இ.டி. போட்டா பூச்சி வரத்து கண்ணுக்குத் தெரியுற அளவு குறையும். இது வயல்ல மத்த பூச்சியைத் தின்னு நன்மை செய்யுற வண்டு, அதனால மருந்து அடிச்சு ஒழிக்க நினைக்காதீங்க.

பதில் 6 – செந்தூராத்தோப்பு

விட்டுப்போச்சு. அடுத்த கூட்டம் பழ ஈ. மழை ஈரத்துல மண்ணுக்குள்ள இருக்கிற கூட்டுப்புழு ஈயாக வெளிவரும், காய் முத்தும்போது தோலைத் துளைச்சு முட்டை வைக்கும். வெளியே ஊசிக் குத்து மாதிரிதான் தெரியும், பழுத்தா உள்ளே புழு. காய் முத்தறதுக்கு முன்னாடியே மீத்தைல் யூஜினால் பொறி (வாசனையால ஈயை இழுக்கிறது) ஏக்கருக்குப் பத்து கட்டிடுங்க, ஆள் உயரத்துல, நிழல் பக்கமா. அதுல ஆண் ஈ மட்டும்தான் விழும். அதனால பொறியைக் கட்டிட்டு உதிர்ந்த காயைத் தோப்பிலேயே போட்டு வெச்சா பயனில்லை. விழுந்ததை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பொறுக்கி ரெண்டடிக் குழியில புதைங்க, மேலாப்புல மூடினா ஈ மறுபடி வெளியே வந்துடும். மரத்தடியையும் லேசா கொத்தி விடுங்க.

மருந்துக் கடையில சொல்றதைக் கேக்குறதுக்கு முன்னாடி, வண்டையும் ரெண்டு இலையையும் ஒரு டப்பாவுல போட்டுப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ பையூர் ஆராய்ச்சி நிலையத்துக்கோ எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க.

மேட்டுக்காடு_பாலக்கோடு

பக்கத்துக் காட்டுக்காரங்க மூணு பேர்கிட்டப் பேசிட்டேன்ங்க. வானம் இன்னிக்கும் கறுத்திருக்கு. மழை விட்டா ஏழரைக்குத் தொரட்டி, தார்ப்பாயோட இறங்குறோம். மைதாக் கஞ்சி வெயில் வர்ற அன்னிக்கு.