கண்ணு தெரியாத பையனால எங்க அட்மிஷன் ஃபார்மை நிரப்ப முடியல, எங்கேர்ந்து சரி பண்றது?

பொருநை_வெப்
வணக்கம். ஒரு காலேஜ் வெப்சைட்டை பாத்துக்கற டீம்ல இருக்கேன், மொத்தமே ரெண்டு பேர். போன வாரம் முழுசா பார்வை இல்லாத ஒரு பையன் ஆபீஸுக்கு போன் பண்ணிருக்கான், பி.ஏ. வரலாறுக்கு அப்ளிகேஷன் போட ரெண்டு நாளா முயற்சி பண்ணியும் முடியலன்னு. இங்க "யாரையாவது விட்டு போடச் சொல்லுப்பா"ன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு அவன், "வீட்ல யாருக்கும் கம்ப்யூட்டர் தெரியாது சார், பிரவுசிங் சென்டர்ல குடுத்தா என் ஆதார் நம்பர், ஓடிபி எல்லாம் அவங்ககிட்ட சொல்லணும், என் அப்ளிகேஷனை நானே போடணும்னு தான் கேக்கறேன்"னான். ஆபீஸ்ல இதை எங்கிட்ட சொன்னதுலேர்ந்து மனசே சரியில்ல, அந்த ஃபார்மை செஞ்சது நான் தான்.

மேனேஜர் ஒரு ப்ளக்இன் வாங்கலாங்கறாரு, மூலைல வீல்சேர் ஐகான் வருமே அது, ஒரு வரி கோடு போட்டா எல்லாம் சரியாயிடுமாம். உண்மையா? சட்டம் ஏதாவது இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கருவிழி
தம்பி, நானும் பார்வை இல்லாதவன் தான், பேங்க்ல வேலை. இந்த பதிலையும் என்விடிஏ வச்சு தான் டைப் பண்றேன், அது ஸ்கிரீன் ரீடர், அதாவது திரைல இருக்கறதை வாய்விட்டுப் படிச்சுக் காட்டற சாஃப்ட்வேர்.

அந்தப் பையனுக்கு என்ன கேட்டிருக்கும்னு சொல்றேன். டேப் அடிச்சா "எடிட், பிளாங்க்", அதாவது காலிப் பெட்டி. மறுபடி டேப், மறுபடி "எடிட், பிளாங்க்". இப்படியே பத்து பெட்டி, எதுல பேரு எதுல அப்பா பேருன்னு எப்படித் தெரியும்? பெட்டிக்குப் பக்கத்துல "பெயர்"னு எழுதிருப்பீங்க, கண்ணுக்குத் தெரியும், ஆனா லேபிள் டேக் போட்டு அதை பெட்டியோட கட்டலன்னா ஸ்கிரீன் ரீடருக்கு ரெண்டும் வேற வேற. அப்புறம் பிறந்த தேதி, காலண்டரை மவுஸால கிளிக் பண்ணா தான் ஏத்துக்கும்னு வச்சா நாங்க அங்கயே நின்னுடுவோம், டைப் பண்ண விடுங்க. கடைசில கேப்ட்சா, நீ மனுஷன் தானான்னு பாக்க எழுத்தைப் பாத்து அடிக்கச் சொல்றது, வெறும் படம், ஆடியோவும் கிடையாது. மத்ததை எல்லாம் தட்டுத்தடுமாறி முடிச்சுட்டு இதுல வந்து மாட்டினா அழுகையே வரும், எனக்கு வந்திருக்கு.

இன்னொன்னு, ப்ராஸ்பெக்டஸ் பிடிஎஃப் என்ன ஃபான்ட்ல இருக்குன்னு பாருங்க. பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சிருந்தா "தமிழ்"ங்கற வார்த்தை எனக்கு "ஜே கே பி ஓ செமிகோலன்"னு தான் கேக்கும், ஏன்னா உள்ள இருக்கறது இங்கிலீஷ் எழுத்து, மேல தமிழ் உருவம் மட்டும் தான். ஸ்கேன் பண்ணி போட்ட பிடிஎஃப்னா அதுவும் கேக்காது. யூனிகோட்ல அடிச்சு சாதாரண வெப் பக்கமாவே போட்டுடுங்க.

நிரல்மொழி
ப்ளக்இன் வேணாம் ப்ரோ. அது எழுத்தைப் பெருசாக்கும், கலரை மாத்தும், ஆனா அதெல்லாம் பிரவுசர்லயே இருக்கு. உங்க கோடுல இருக்கற ஓட்டையை அது அடைக்காது. ஒரு ப்ளக்இன் கம்பெனி எந்த வெப்சைட்டையும் டபிள்யூசிஏஜிங்கற சர்வதேச அணுகல் தரத்துக்கு கொண்டு வந்துடுவோம்னு விளம்பரம் பண்ணதுக்கு அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2025ல 10 லட்சம் டாலர் கட்ட வச்சுது, மேனேஜர்கிட்ட இதைக் காட்டுங்க.

என்விடிஏ இலவசம் தான், ரெண்டு ஆஸ்திரேலியாக்காரங்க ஆரம்பிச்சது, அவங்க ரெண்டு பேருமே பார்வை இல்லாதவங்க. இன்ஸ்டால் பண்ணி, மானிட்டரை ஆஃப் பண்ணிட்டு உங்க ஃபார்மை நீங்களே நிரப்பிப் பாருங்க, எந்த டூல் ரிப்போர்ட்டும் இதுக்கு ஈடாகாது. சப்மிட் பட்டனை டிவ் (வெறும் கட்டம் போடற டேக்) வச்சு செஞ்சிருந்தா நிஜ பட்டன் டேகா மாத்துங்க, டிவ்வுக்கு டேப்பும் வராது, என்டரும் வேலை செய்யாது. பக்கம் எந்த மொழின்னு சொல்ற லாங் அட்ரிப்யூட்ல "டிஏ"ன்னு, அதாவது தமிழ்னு போடுங்க, ப்ளீஸ். நம்ம ஆளுங்க டெம்ப்ளேட்ல வந்த "இஎன்"னை (இங்கிலீஷ்) அப்படியே விட்டுடறாங்க, தமிழ் பக்கத்தை இங்கிலீஷ் குரல் படிக்கப் பாத்து உளறும், இல்ல எழுத்தையே தாண்டிப் போயிடும். டிஏன்னு இருந்து, கம்ப்யூட்டர்ல தமிழ் குரலும் இருந்தா என்விடிஏ தானாவே அதுக்கு மாறிக்கும்.

வழக்குமன்றம்
சட்டம் இருக்கு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, சேவையை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தற மாதிரி தரணும்ங்கற பிரிவு 46 தனியார் சேவைக்கும் பொருந்தும். மீறினா பிரிவு 89ல முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்த தடவைலேர்ந்து 50,000த்துல ஆரம்பிச்சு 5 லட்சம் வரை. 2024 நவம்பர்ல ராஜீவ் ரதூரி வழக்குல, அணுகல் தரத்தை வெறும் பரிந்துரையா வச்சா போதாது, கட்டாயமாக்கணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதே நீதிமன்றத்தோட 2025 ஏப்ரல் 30 தீர்ப்பை அவசியம் படிங்க. ஆசிட் வீச்சுல முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவங்களை கேஒய்சிக்கு (பேங்க் மாதிரி இடத்துல ஆளை உறுதி பண்றது) "கண் சிமிட்டுங்க"ன்னு கேட்டா அவங்க என்ன பண்ணுவாங்க? அந்த வழக்குல தான் டிஜிட்டல் அணுகலும் அரசியல் சாசனம் 21ஆவது பிரிவு சொல்ற வாழ்வுரிமைல சேர்ந்ததுன்னு வந்துச்சு.

மல்லிப்பந்தல்
பார்வை மட்டும் இல்லைங்க, என் தங்கச்சிக்கு கை நடுக்கம், சின்ன சின்ன ரேடியோ பட்டன்ல மவுஸை நிறுத்தவே முடியாது. லேபிளை பெட்டியோட கட்டினா அந்த எழுத்துமேல கிளிக் பண்ணாலும் விழும், அவளுக்கு அதுவே பெரிய உதவி. பத்து நிமிஷத்துல லாக்அவுட் பண்ணி எல்லாத்தையும் அழிச்சுடற வேலையும் வேணாங்க, கூட டைம் கேக்க ஒரு வழி வைங்க. தப்பா நிரப்பினதை சிவப்பு கலர்ல மட்டும் காட்டாம என்ன தப்புன்னு எழுத்துல போடுங்க.

பொருநை_வெப்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி மானிட்டரை ஆஃப் பண்ணிட்டு உக்காந்தேன். கருவிழி அண்ணா சொன்ன மாதிரியே தான், வரிசையா "எடிட், பிளாங்க்". நாப்பது நிமிஷம் ஆச்சு, நானே செஞ்ச ஃபார்ம்ல சப்மிட் பட்டனுக்குப் போய்ச் சேர முடியல, அது டிவ் தான். லேபிள், பட்டன், பிறந்த தேதி மூணையும் மாத்திட்டேன், டிஏவும் போட்டாச்சு. கேப்ட்சாவை எடுத்துட்டு மொபைல் ஓடிபி மட்டும் வைக்க மேனேஜர் ஒத்துக்கிட்டாரு, ப்ளக்இன் பேச்சை விட்டாச்சு. ப்ராஸ்பெக்டஸ் பாமினி தான், 34 பக்கம், யூனிகோடுக்கு மாத்திட்டு இருக்கேன்.

அந்தப் பையன் நம்பரை ஆபீஸ்ல வாங்கி நானே பேசினேன். கடைசி தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு, வெள்ளிக்கிழமை சாயந்திரம் போன்ல இருந்துகிட்டே போட்டுப் பாக்கறேன்னு சொல்லிருக்கான். எங்க நிக்குதுன்னு கேட்டுட்டு வந்து எழுதறேன்.

கருவிழி
அவன் டாக்பேக்லயா (ஆண்ட்ராய்டு போன்ல வர்ற ஸ்கிரீன் ரீடர்) என்விடிஏலயான்னு முதல்லயே கேட்டுக்கங்க தம்பி, மொபைல்ல ஓடிபி பெட்டிக்கு ஃபோகஸ் போகுதான்னு தனியா பாக்கணும். வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி லிங்க் அனுப்புங்க, நானும் ரெண்டுலயும் ஒரு தடவை நிரப்பிப் பாக்கறேன்.