ஐசோடானிக் கரைசலில் சிவப்பணுக்கள் உடைவது ஏன்? அவசர உதவி தேவை

முதலாண்டு_இயன்முறை:
வணக்கம். இயன்முறை மருத்துவம் முதலாம் ஆண்டு படிக்கிறேன். உடலியங்கியல் செய்முறை வகுப்பில் ஐசோடானிக் கரைசலில் இரத்தத் துளியை விட்டோம். சிவப்பணுக்கள் உருமாறாமல் இருக்கும் என்று பாடநூல் சொல்கிறது. ஆனால் ஒரு நிமிடத்துக்குள் குழாய் முழுவதும் தெளிந்த சிவப்பாகிவிட்டது. மறுபடி செய்தபோதும் அதே முடிவுதான் வந்தது. ரெக்கார்டு நோட்டில் விரைவில் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதால் தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

சோதனைக்குழாய்:
குழாய்களைக் கழுவியவர் யார் என்று முதலில் விசாரியுங்கள். சோப்புத்தூள் சிறிதளவு ஒட்டியிருந்தாலும் அது சிவப்பணுவின் கொழுப்புச் சவ்வைக் கரைத்துவிடும். வாலை வடிநீரில் அலசிய குழாயை உலர்த்தாமல் எடுத்திருந்தால், உள்ளே தங்கிய நீர் கரைசலை நீர்க்கச் செய்து அணுக்களை உடைத்துவிடும். எங்கள் ஆய்வகத்தில் பாதிச் சிக்கல்கள் கழுவும் தொட்டியில்தான் பிறக்கின்றன.

வார்டு_இரவுப்பணி:
விரல் நுனியில் தடவிய ஸ்பிரிட் உலர்வதற்குள் குத்தினாலும், துளி வரவில்லையே என்று விரலை அழுத்திப் பிழிந்தாலும் அணுக்கள் உடையும். இரத்தம் விரலிலிருந்து எடுத்ததா, நரம்பிலிருந்து எடுத்து உறையாமல் வைத்திருந்ததா? எவ்வளவு கரைசலுக்கு எத்தனை துளி விட்டீர்கள்?

நெஃப்ரான்:
கேட்பவர் கரைசலின் பெயரைச் சொல்லவில்லை, செறிவைச் சொல்லவில்லை, ஒப்பீட்டுக்காக வைத்த குழாய் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லவில்லை. ஆயினும் சோப்பும் ஸ்பிரிட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டன. இந்த மூன்றையும் எழுதாமல் சோதனைக் குறிப்பு எழுதலாகாது என்பது முதல் வாரப் பாடம். அதைப் படித்துவிட்டு வந்தால் பேசலாம்.

முதலாண்டு_இயன்முறை:
கரைசல் யூரியா, 1.8 சதவீதம். ஐசோடானிக் என்றாலே போதும் என்று நினைத்ததால் பெயரை எழுதவில்லை. 0.9 சதவீத உப்புக் கரைசல் வைத்த குழாய் கலங்கலாகவே இருக்கிறது. அதன் பின்னால் அச்சிட்ட தாளைப் பிடித்தால் எழுத்து தெரியவில்லை. யூரியாக் குழாயில் எழுத்து நன்றாகத் தெரிகிறது. எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத்தான் கழுவினோம், இரத்தமும் ஒரே ஆளுடையதுதான்.

யாழ்_உயிரியல்:
அப்படியானால் உங்கள் ஆய்வுகூட வேலை சரியாகவே நடந்திருக்கிறது. உப்புக் குழாய் தாக்குப்பிடித்திருப்பதால் சோப்பையும் ஸ்பிரிட்டையும் விட்டுவிடலாம்.

கணக்கைப் பாருங்கள். லீட்டருக்கு 9 கிராம் சோடியம் குளோரைடு இருந்தால் 154 மில்லிமோல். அது இரண்டு அயன்களாகப் பிரிவதால் ஏறத்தாழ 308 மில்லி ஆஸ்மோல் (கரைந்துள்ள துகள்களின் மொத்த எண்ணிக்கையைக் குறிக்கும் அளவு). லீட்டருக்கு 18 கிராம் யூரியா, மூலக்கூற்று நிறை 60 என்பதால் 300 மில்லிமோல். அது பிரியாததால் 300 மில்லி ஆஸ்மோல். எண்ணிக்கையில் இரண்டும் குருதித் திரவவிழையத்துக்கு (பிளாஸ்மா) கிட்டத்தட்டச் சமம். இதற்குப் பெயர் ஐசாஸ்மோட்டிக். ஐசோடானிக் என்பது அந்தக் கரைசலில் செங்குழியத்தின் (சிவப்பணு) கனவளவு மாறுகிறதா என்பதைப் பொறுத்தது. ஆகவே கரைந்திருக்கும் பொருள் மென்சவ்வைக் கடக்குமா என்று பார்க்காமல் அதைத் தீர்மானிக்க முடியாது. சோடியம் உள்ளே நுழைந்தாலும் பம்பி அதை வெளியேற்றிவிடுவதால் வெளியிலேயே தங்கியதற்குச் சமமாகிறது. யூரியாவோ செங்குழியச் சவ்விலுள்ள கடத்திப் புரதத்தின் வழியே மிக வேகமாக உள்ளே போய் இருபுறமும் சமமாகிவிடுகிறது. கலத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் பொற்றாசியமும் ஹீமோகுளோபினும் வெளியேற முடியாதவை. அவற்றுக்கு ஈடுகொடுக்க வெளியே எதுவும் மிஞ்சாததால், வெறும் நீரில் போட்டது போல நீர் உள்ளே பாய்ந்து கலம் வெடிக்கிறது.

அந்தக் கடத்திப் புரதத்தில்தான் கிட் (Kidd) எனப்படும் குருதி வகையின் பிறபொருளெதிரியாக்கிகளும் (ஆன்டிஜென்) இருக்கின்றன. அது அறவே இல்லாத அரியவர்களின் செங்குழியங்கள் 2 மோலர் யூரியாவிலும் நெடுநேரம் உடையாமல் நிற்கும். அத்தகைய கொடையாளர்களைக் கண்டறியக் குருதி வங்கிகளில் இதையே சோதனையாகப் பயன்படுத்துகிறார்கள்.

நெஃப்ரான்:
விளக்கம் சரி. பாடநூல்கள் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸை (அதாவது குளுக்கோஸ் கரைசலை) ஐசோடானிக் என்று எழுதுவதற்கும் இதே நோக்கில் பொருள் கொள்ள வேண்டும். லிட்டருக்கு சுமார் 278 மில்லி ஆஸ்மோல் இருப்பதால் சோதனைக் குழாயில் அது அணுக்களை உடைக்காது. உடலுக்குள் சென்று குளுக்கோஸ் செலவான பிறகே ஹைப்போடானிக் (அணுக்களை வீங்கச் செய்வது) ஆகிறது.

வார்டு_இரவுப்பணி:
அப்படியானால் இரத்தம் ஏற்றும் குழாயில் டெக்ஸ்ட்ரோஸை விடவே கூடாது என்று எங்களுக்கு ஏன் கற்பித்தார்கள்? இரத்தத்தோடு 0.9 சதவீத உப்புக் கரைசலைத் தவிர வேறெதையும் சேர்ப்பதில்லை. டெக்ஸ்ட்ரோஸ் பட்டால் அணுக்கள் ஒட்டிக் கட்டியாகும், உடையவும் செய்யும்.

நெஃப்ரான்:
கட்டியாவது வேறு, அயனிகள் இல்லாத ஊடகத்தால் வருவது. நான் பேசியது சவ்வூடுபரவலைப் பற்றி மட்டுமே.

யாழ்_உயிரியல்:
சவ்வூடுபரவலிலும் உங்கள் கூற்று முழுமையானதன்று. மனிதச் செங்குழியத்தில் குளுக்கோஸ் கடத்தி ஏராளமாக உண்டு, அதற்கு இன்சுலின் தேவையில்லை. ஆகவே குளுக்கோசும் யூரியாவைப் போல உள்ளே போகும், வேகம் மட்டுமே குறைவு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உடையவில்லை என்று எழுதுவது கடிகாரத்தைப் பார்க்காமல் எழுதுவதாகும்.

நெஃப்ரான்:
முதலாம் ஆண்டு மாணவருக்கு அந்த அளவு நுணுக்கம் தேவையா என்பதே என் கேள்வி.

சோதனைக்குழாய்:
நோயாளியின் கையில் ஊசி ஏற்றப் போகிறவருக்குத் தேவைதான். இருக்கட்டும், கேட்டவர் இன்னொரு குழாயும் வைத்துப் பார்க்கலாம்: 0.9 சதவீத உப்புக் கரைசலிலேயே 1.8 சதவீத அளவுக்கு யூரியாவைக் கரைத்து இரத்தம் விடுங்கள். மொத்த ஆஸ்மோல் இரட்டிப்பாகிவிடும். மேலே சொன்ன விளக்கம் சரியென்றால் அணுக்கள் தொடக்கத்தில் சுருங்கினாலும் பிறகு பழைய அளவுக்கு வந்து, உடையாமல் இருக்கும்.

முதலாண்டு_இயன்முறை:
வைத்துப் பார்த்தேன். கலங்கலாகவே இருக்கிறது, எழுத்து தெரியவில்லை. மூன்று குழாய்களையும் அட்டவணையில் எழுதிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

வார்டு_இரவுப்பணி:
இரத்தம் எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.