உலோக அயனியின் நீராற்பகுப்பை (நீரிலிருந்து ஹைட்ராக்சைடைச் சேர்த்துக்கொள்வதை) கரைப்பானால் பிரித்தெடுத்துக் கண்டுபிடித்தவர்கள் உண்டா? அனுபவம் சொல்லுங்கள்

குன்னூர் வாசகி:
தேயிலை மண் வடிநீரில் ஆக்சினும் (உலோகத்தைப் பிடித்துக் கரைப்பானுக்கு இழுத்துவரும் கரிமச் சேர்மம்) குளோரோஃபார்மும் போட்டு அலுமினியம் பார்த்தோம். முறை தெரிந்ததுதான்: பதினைந்து விநாடி குலுக்கி, கீழ் அடுக்கை உடனே இறக்க வேண்டும். வெளிர் மஞ்சள் வந்தது. பிரிபுனலில் மீந்த நீரை அப்படியே விட்டு, டீ குடித்து வந்து புதுக் குளோரோஃபார்ம் ஊற்றினேன். அதுவும் மஞ்சளாக இறங்கியது! முதலில் வந்தவை தனி அயனிகள். பின்னால் வந்தவை ஹைட்ராக்சைடால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, மெல்ல அவிழ்ந்தவை. நம் தேயிலை மண்ணின் பிஎச் பெரும்பாலும் 4.5 முதல் 5.5, அலுமினிய அயனியின் முதல் நீராற்பகுப்புக்கு பிகே (அயனிகளில் பாதி ஹைட்ராக்சைடைச் சேர்த்துக்கொள்ளும் பிஎச்) சுமார் 5. அது நடக்கும் இடத்தில்தான் வேரே நிற்கிறது. ஆனால் அறிக்கையில் 'மொத்த அலுமினியம்' என்று ஒரே எண்ணைப் போடச் சொல்லிவிட்டார்கள். இன்னும் மனசு ஆறவில்லை.

ஊட்டிக்காரன்:
எனக்கு ஃபெரிக் இரும்பு. பென்சீனில் டிடிஏ (TTA, ஆக்சின் போலவே உலோகத்தைப் பிடிப்பது), அதுவும் மிகக் குறைவாக. பங்கீட்டு விகிதத்தின் (கரிம அடுக்கில் உள்ள இரும்புக்கும் நீரில் உள்ளதற்கும் உள்ள விகிதம்) மடக்கையைப் பிஎச்சுக்கு எதிரே குறித்தால் சாய்வு 3, அதாவது ஃபெரிக் அயனியின் மின்னூட்டம். பிஎச் 2 தாண்டியதும் கோடு 2-ஐ நோக்கி வளைந்தது. ஒரு ஹைட்ராக்சைடு ஒட்டிய இரும்பு கண்ணெதிரே தெரிந்த மாதிரி! ஜனவரிக் காலைக் குளிரில் அந்த வளைவு இன்னும் உயர்ந்த பிஎச்சுக்குத் தள்ளிப் போனது. 25 டிகிரி நீர்த்தொட்டி கேட்டோம், கிடைக்கவில்லை.

கொடைக்கானல்:
குன்னூர் அம்மா சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. சோலையிலிருந்து வரும் பழுப்பு ஓடைநீரில் எனக்கும் அந்தப் பின்மஞ்சள் வந்தது. மட்கிய கரிமத்தில் சிக்கிய அலுமினியமும் தாமதமாகத்தான் வரும். ஊட்டித் தம்பிக்கு ஒன்று: வளைவைப் பார்த்ததும் நீராற்பகுப்பு என்று முடிவுகட்டாதீர்கள். டிடிஏவில் இரும்பு ரொம்ப மெதுவாக ஏறும். சமநிலைக்கு முன்பே நிறுத்தினாலும் கோடு வளையும். கரிம அடுக்கிலிருந்து நீருக்குத் திருப்பிப் பிரித்து, அதே விகிதம் வருகிறதா பாருங்கள். இரும்பைப் பத்தில் ஒரு பங்காக்கியும் பாருங்கள். விகிதம் மாறாவிட்டால் ஒற்றை அயனி, ஏறினால் கோத்தவை இருக்கின்றன. பிஎச்சை நிலைநிறுத்த அசிடேட் தாங்கல் வேண்டாம், அதுவே உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். அயனிச் செறிவை ஒரே மாதிரி வைக்கச் சோடியம் பெர்குளோரேட் போதும். அப்புறம், ஆக்சினில் இரும்பும் சேர்ந்து வரும், இரும்பைக் கட்டிவைக்கும் ஃபெனாந்த்ரோலின் போட்டு அதை மறைக்க வேண்டும்.

குன்னூர் வாசகி:
ஃபெனாந்த்ரோலின் போட்டுத்தான் செய்தோம், சார். கரிமம் துளியும் இல்லாத அலுமினியம் குளோரைடு கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பாதி நடுநிலையாக்கியும் பார்த்தோம். அதிலும் பின்மஞ்சள் வந்தது.