வலியில்லாத புண் தானாகவே ஆறிவிட்டது. இனியும் வைத்தியரிடம் போக வேண்டுமா?

கேள்வி – வெள்ளவத்தை வாசகர்
வணக்கம். எனக்கு வயது 29. வெள்ளவத்தையில் வாடகை அறையில் தங்கி வேலைக்குப் போகிறேன். சுமார் இரண்டு மாதங்களுக்கு முன் ஆணுறுப்பில் சிறு புண் ஒன்று வந்தது. விளிம்பு தடித்து, தொட்டால் கெட்டியாக இருந்ததே தவிர வலியோ அரிப்போ இல்லை. உள்ளாடை உரசியதால் வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அது தானாகவே ஆறியும் விட்டது. இப்போது உள்ளங்கைகளிலும் பாதங்களிலும் செம்பழுப்பு நிறத்தில் புள்ளிகள் தெரிகின்றன. புண் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன் ஆணுறை இல்லாமல் ஒரு பெண்ணுடன் உறவு கொண்டிருந்தேன். பாமசியில் ஏதாவது அன்டிபயோடிக் வாங்கிக் குடித்தால் போதும் என்கிறார் அறைத்தோழர். எங்கள் குடும்ப வைத்தியர் அப்பாவின் நெருங்கிய நண்பர். வீட்டில் எனக்குக் கல்யாணப் பேச்சு நடப்பதால் அவரிடம் வாய் திறக்கத் தயக்கமாக இருக்கிறது. நான் எங்கே போவது?

பதில் – ஓய்வுபெற்ற தாதி
தம்பி, எழுத்தை வாசித்து நோயைத் தீர்மானிக்க யாராலும் முடியாது. ஆனாலும் நீங்கள் சொல்லும் வரிசை, பாலுறவால் தொற்றும் சிபிலிஸ் நோயின் போக்கோடு மிகவும் ஒத்துப்போவதால் இந்த வாரமே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கிருமி தொற்றிப் பெரும்பாலும் மூன்று வாரமளவில், சிலருக்கு 90 நாள் வரை கழித்தும், அது புகுந்த இடத்தில் வலியற்ற புண் தோன்றும். மருந்தே எடுக்காவிட்டாலும் 3 முதல் 6 வாரங்களில் ஆறிவிடும். பலர் ஏமாந்துபோவது இங்கேதான், ஏனென்றால் புண் மறைந்த பின்பும் கிருமி உடலெங்கும் பரவிக்கொண்டே இருக்கும். அடுத்த கட்டத்தில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத தடிப்பு, காய்ச்சல், நெறிக்கட்டு, திட்டுத்திட்டாக முடி உதிர்தல் ஆகியவை வரலாம். அவையும் அடங்கிவிடும், கவனிக்காமல் விட்டால் சிலருக்குப் பல வருடங்கள் கழித்து இதயத்தையோ மூளையையோ தாக்கும்.

பாமசி யோசனையை அடியோடு விடுங்கள். பொருந்தாத மாத்திரை நோயைக் குணமாக்காது, அறிகுறியை மட்டும் மறைத்துவிடலாம். சிபிலிஸ்தான் என்று உறுதியானால், ஆரம்பக் கட்டத்தில் பென்சதீன் பெனிசிலின் ஊசி பெரும்பாலும் ஒரே தடவை, பிட்டத்துத் தசையில் போடப்படும். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஊசி போட்ட அன்று காய்ச்சலும் உடல்வலியும் வரக்கூடும். வழக்கமாக ஒரு நாளில் தணிந்துவிடும்.

பதில் – மருதானை வாசகர்
கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் தேசிய பாலியல்நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் மத்திய சிகிச்சை நிலையம் இருக்கிறது. அரசாங்க நிலையம் என்பதால் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வேறொரு வைத்தியரின் கடிதமும் தேவையில்லை. நான் போயிருந்தபோது பெயரைச் சொல்லாமல் இலக்கத்தைச் சொல்லியே அழைத்தார்கள். கதவை மூடிய அறையில் வைத்தியர் நேரடியாகவே கேட்டார்: கடைசியாக எப்போது, ஆணுடனா பெண்ணுடனா, வாய்வழி உறவும் உண்டா, ஆணுறை இருந்ததா. முகம் சுளிக்காமல் எழுதிக்கொண்டார். எதையும் மறைக்காதீர்கள், எந்த இடத்திலிருந்து மாதிரி எடுப்பது என்பது உங்கள் பதிலைப் பொறுத்தது. எச்.ஐ.வி. பரிசோதனையையும் கூடவே செய்துகொள்ளுங்கள்.

பதில் – கொட்டாஞ்சேனை வாசகி
பெண்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். பாலுறவால் தொற்றும் வேறு நோய்களான கொனோரியா, கிளமிடியா ஆகியவை ஆண்களுக்குச் சிறுநீர் எரிவு, சீழ் வடிதல் என்று வெளியே தெரியக்கூடும் என்றாலும், பெண்கள் பலருக்கு எந்த அறிகுறியும் காட்டாமல் கருப்பைக்கும் கருக்குழாய்க்கும் ஏறிப் பிள்ளைப்பேற்றையே பாதிக்கக்கூடும். நிறமோ வாடையோ மாறிய வெள்ளைபடுதல், அடிவயிற்று வலி, உறவின் பின் இரத்தக்கசிவு ஆகியவற்றை உடற்சூடு என்று ஒதுக்கிவிடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இங்கே கிளினிக்கில் சிபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் பார்க்கிறார்கள். இவ்விரண்டும் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது.

கேள்வி கேட்டவர்
எல்லோருக்கும் மிக்க நன்றி. திங்கட்கிழமை காலை போகிறேன். அந்தப் பெண்ணிடமும் நான் சொல்ல வேண்டுமா?

பதில் – ஓய்வுபெற்ற தாதி
கட்டாயம் சொல்ல வேண்டும், தம்பி. அவருக்குப் புண் உள்ளே இருந்து கண்ணில் படாமலே போயிருக்கலாம். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் கிளினிக்கில் கேளுங்கள், உங்கள் பெயரை வெளியிடாமல் அவருக்கு அறிவிக்க உதவுவார்கள். வைத்தியர் சரி என்று சொல்லும்வரை யாருடனும் உறவு வேண்டாம். ஊசியோடு நின்றுவிடாமல், மறுபடி இரத்தம் பார்க்கத் தரும் திகதிகளுக்கும் தவறாமல் போங்கள். மருந்து வேலை செய்ததா என்பது அப்போதுதான் தெரியும்.